மலைத் தேநீரும் மறைத்த நோயும்

தலைமை தாங்கித் தளர்ந்த குரலிலும் எங்களுக்குத் தைரியம் சொன்ன பாசன சங்கத் தலைவர் ஐயா சிவராமன் அவர்களே! அம்பகரத்தூர் வயல்வெளியில் என் அண்ணனோடு சேற்றில் இறங்கி, வெயிலில் காய்ந்து, வரப்பில் அமர்ந்து ஒரே தூக்குச்சட்டியில் கைவிட்டு உண்ட உழவர் பெருமக்களே! அலுவலகம் முடிந்து கோவில்பத்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டியை நேரே இந்தப் பந்தலுக்குத் திருப்பிய தம்பிமார்களே! கருக்களாச்சேரியிலிருந்து மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு பேருந்து ஏறி வந்திருக்கும் காசியம்மா அக்கா அவர்களே! ஆண்களுக்கு நாற்காலியையும் மின்விசிறியையும் விட்டுக்கொடுத்துவிட்டு, காற்றே வராத இடமாகப் பார்த்துப் பாயில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கண்ணீரோடு வந்தவர்களே, கடமைக்கு வந்தவர்களே, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தவர்களே! உங்கள் அனைவரின் முன்னும் இந்தத் தாமரைச்செல்வி தலை தாழ்ந்து நிற்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். திருவிழாப் பட்டிமன்றமா, கூப்பிடு தாமரைச்செல்வியை! பள்ளி ஆண்டு விழாவா, கூப்பிடு தாமரைச்செல்வியை! வாங்குகிற சம்பளத்துக்கு வகுப்பில் தமிழ் நடத்துகிறேன். வாயின் அரிப்புக்கு மேடை ஏறுகிறேன். எத்தனையோ மேடை ஏறியவளுக்கு இன்று இந்த இரண்டு படி ஏற முடியவில்லை. ஐயா சிவராமன் சற்றுமுன் திரையை விலக்கினாரே, அந்தப் படத்தில் சந்தன மாலைக்குள் இருந்து சிரிக்கிற குஞ்சிதபாதம் எனக்கு யார்? என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவர். எனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கல்லூரிக்கு என்னை அனுப்புவதற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்டவர், என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக அழுதவர்.

படத்தை நன்றாகப் பாருங்கள். கன்னம் இருக்கிறதல்லவா? போகும்போது அந்தக் கன்னம் இல்லை. இது பழைய படம். புதிய படம் எடுக்க அவர் யாரையும் விடவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் அவரைப் புகழ்ந்தார்கள். உழைப்பாளி என்றார்கள், உண்மையாளர் என்றார்கள், வாய்க்கால் தகராறில் வாய் திறக்காத ஒரே மனிதர் என்றார்கள். சரிதான். மறுக்கவில்லை. ஆனால் நான் அதைப் பேச வரவில்லை. நான் ஒரு டீயைப் பற்றிப் பேசப்போகிறேன்.

யார் அங்கே முணுமுணுப்பது? "இழவு வீட்டுப் பந்தல்ல டீயைப் பத்தி என்ன பேச்சு"ன்னுதானே? இருங்கள், பெரியப்பா. காரணத்தோடுதான் பேசுகிறேன். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என் அண்ணன் பெற்ற ஒரே பெண், என் மருமகள் முத்தமிழ். அதோ அந்தத் தூணுக்குப் பின்னால், நான் எத்தனை முறை கூப்பிட்டும் முன்னால் வராமல் உட்கார்ந்திருக்கிறார் என் அண்ணி பங்கஜவல்லி. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. ஒரே வீடு, ஒரே கூரை, ஒரே அடுப்பு. தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறாள். தாய் அடுப்படியை விட்டு வருவதில்லை. நாளை மறுநாள் இவள் தைவானுக்கு விமானம் ஏறுகிறாள். இப்படியே ஏறினால் இந்த வீட்டு வாசலை இவள் இனி மிதிக்க மாட்டாள். எனக்குத் தெரியும். அப்பனைப் போலவே பிடிவாதம்.

வீட்டில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இவள் எழுந்து போகிறாள், அவர் பாத்திரம் தேய்க்கிறார். இங்கே என்றால் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? சபைக்கு நடுவில் எழுந்து போக முடியாதல்லவா? அதனால்தான் குடும்பத்துக் கதையைக் கூட்டத்தில் வைக்கிறேன். தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

தாய்மார்களே! டீ என்றால் நமக்கு என்ன? பால் பொங்க வேண்டும், தூள் கொதிக்க வேண்டும், இஞ்சி நசுங்க வேண்டும், சர்க்கரை கரைய வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் காப்பிக் குடும்பம். அதிலும் என் அண்ணி, டீயைக் கண்டாலே பித்தம் என்பவர். அந்த வீட்டுக்குத்தான் தைவானிலிருந்து வந்தது ஊலாங் தேநீர். முத்தமிழ் இங்கே வேளாண்மை படித்தாள், மேல்படிப்புக்குத் தைவான் போனாள், படித்து முடித்து அங்கேயே ஒரு தேயிலைச் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை? ருசி பார்க்கிற வேலை. ஒரு மிடறு வாயில் வைத்து, இது எந்த மலை, எந்தப் பருவம், இலையை எவ்வளவு நேரம் வாடவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். "சும்மா டீ குடிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறான்?" என்று இந்த ஊரே கேட்டது. நானும் கேட்டேன்.

முதல் பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே தூள் இல்லை. கரும்பச்சையில், உருண்டை உருண்டையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ இருந்தது. என் அண்ணி என்ன செய்தார்? ஒரு கை அள்ளிப் பாலில் போட்டார். இஞ்சி தட்டிப் போட்டார். கொதிக்கவிட்டார். உருண்டை ஒவ்வொன்றும் விரிந்தது. காம்போடு, நரம்போடு, முழு இலையாக விரிந்தது. சட்டி நிறைய இலை! பால் இருந்த இடமே தெரியவில்லை. என் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வல்லி, இது டீயா, கீரையா? பேசாம பருப்பு போட்டுக் கடைஞ்சிரு."

சிரியுங்கள், சிரியுங்கள். என் அண்ணன் இருந்தால் உங்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். காசியம்மா அக்கா, அன்றைக்கு மீன் கொண்டுவந்த நீங்களும் ஒரு டம்ளர் குடித்தீர்களே, என்ன சொன்னீர்கள்? வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்டதா உங்களுக்கு? "மீன் கழுவுன தண்ணி இதைவிடத் தேவலாம்"னு சொன்னேங்கிறார்!

செய்தி கேட்டு முத்தமிழ் தொலைபேசியில் அலறினாள். "அப்பா! மலை உச்சியில, மேகத்துக்குள்ள வெளஞ்ச இலைப்பா அது. அதைப் போய்ப் பால்ல அவிச்சீங்களாப்பா?" அண்ணன் சொன்னார்: "மேகத்துல வெளஞ்சது எங்களுக்கு எப்புடிம்மா தெரியும்? எங்களுக்கு வாய்க்கால்ல வெளஞ்சதுதான் தெரியும்."

அடுத்து அவள் மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அங்கே தன் கிண்ணத்தோடு, இவர்கள் இங்கே தங்கள் கிண்ணத்தோடு, நடுவில் கைப்பேசி. கிண்ணத்தின் அடி மறைகிற அளவுக்குத்தான் இலை. பொங்கி இறக்கிய வெந்நீரை ஊற்றியதும் வடித்துக் கொட்டிவிட வேண்டும். அண்ணி சண்டைக்கு வந்துவிட்டார். "மொதத் தண்ணியக் கொட்டுறதா? அரிசியா கழுவுறோம்?" என்றார். "ஆமாம்மா, இலை கண்ணு முழிக்கத்தாம்மா அந்தத் தண்ணி" என்றாள் மகள். அடுத்த தண்ணீர் ஊற்றி, மூடி, கொஞ்சம் பொறுத்து, மூடியை எடுத்து முதலில் மூடியை மோந்து பார்க்க வேண்டும். பிறகுதான் குடிக்க வேண்டும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது.

அண்ணன் குடித்தார். "வெந்நியாட்டம் இருக்கு பாப்பா" என்றார். "முழுங்கிட்டுச் சும்மா இருங்கப்பா, பேசாதீங்க" என்றாள். சும்மா இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. தொண்டைக்குள்ளிருந்து ஓர் இனிப்பு மேலே ஏறி நாக்குக்கு வந்ததாம். "ஏ வல்லி! நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சாப்புல இருக்கு!" என்று வீடே அதிரக் கத்தினார். அன்றைக்கு என் அண்ணன் அந்தத் தேநீருக்கு அடிமையானார்.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அப்பனும் மகளும் ஒரே இலை, ஒரே நேரம், ஒரே பேச்சு. ஒரே இலையில் ஐந்து ஆறு தடவை தண்ணீர் ஊற்றலாம். ஒவ்வொரு தடவையும் ருசி வேறு. "என்ன வாசம் வருது, சொல்லுங்கப்பா" என்பாள் மகள். அப்பா சொல்லுவார். எப்படிச் சொல்லுவார்? மேடையில் நிற்கும் நான் வெட்கப்படும்படி சொல்லுவார். "மார்கழியில பால் புடிச்ச கதிரை விரல்ல நசுக்குனா வருமே, அந்த வாசம் பாப்பா." "மடை தொறந்தவொடனே காஞ்ச மண்ணு தண்ணி குடிக்குமே, அது." "வைக்கப்போருக்குள்ள கையை விட்டா ஒரு கதகதப்பு இருக்குமே, அது." எல்லாம் வயல்! எல்லாம் வரப்பு! அந்தச் சோதனைக் கூடத்தில் உள்ளவர்களுக்கு இவள் இதை மொழிபெயர்த்துச் சொல்வாளாம். இந்த வாரம் உங்கப்பா என்ன சொன்னார் என்று திங்கட்கிழமை அவர்களே கேட்பார்களாம். ஓர் உழவனுக்கு இதைவிட வேறு பட்டம் வேண்டுமா? ஒரு தகப்பனுக்கு இதைவிட வேறு பெருமை வேண்டுமா?

அந்தப் பெருமையில்தான் முள் குத்தியது. போன ஆண்டு கோடையில் தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்றார். மீன் முள் என்றார். பாவம், காசியம்மா அக்கா மேல்தான் பழி விழுந்தது. வாழைப்பழம் விழுங்கினார், சோற்றை உருட்டி விழுங்கினார். முள் போகவில்லை. வெளியூர் மருத்துவமனைக்குப் போனார்கள். திரும்பி வந்து எங்களிடம் என்ன சொன்னார்கள்? தொண்டைப்புண் என்றார்கள். நம்பினோம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தார். காற்று ஆகாதாம் என்றார்கள். நம்பினோம். துண்டுக்குள்ளே, கரண்டு என்று நாம் சொல்கிற கதிர்வீச்சு வைத்துக் கருத்துப்போன கழுத்து இருந்தது, ஐயா! தொண்டையில் புற்று இருந்தது!

கூடப் பிறந்த எனக்குச் சொன்னாரா? சொல்லவில்லை. ஏன்? "தங்கச்சி வாயில மைக்கு இருக்கு, அவகிட்ட சொன்னா ஊருக்கே ஒலிபரப்பாயிரும்" என்றாராம். எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. சாகும்வரை உங்கள் மேல் எனக்குக் கோபம் அண்ணே, படத்தில் சிரித்தால் போய்விடாது.

ஊரில் யாருக்கும் தெரியாது, உடன்பிறப்புக்குத் தெரியாது, பெற்ற பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருவர், தூணுக்குப் பின்னால் இருக்கிறார்.

கரண்டு வைத்ததில் என் அண்ணனின் நாக்கு செத்துப்போனது. உப்பும் ஒன்று, உறைப்பும் ஒன்று, சோறும் ஒன்று, சாம்பலும் ஒன்று. எச்சில் ஊறவில்லை. மூக்கிலும் எதுவும் ஏறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்ததே! கைப்பேசி அடித்ததே! "என்ன வாசம் வருது, சொல்லுங்கப்பா" என்று மகள் கேட்டாளே! என்ன சொல்வார்? எதை வைத்துச் சொல்வார்?

அங்கேதான் என் அண்ணி வருகிறார். டீயைக் கண்டாலே பித்தம் என்பவர், அந்த வெள்ளைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். பொங்கி இறக்கிய தண்ணீர், முதல் தண்ணீர் கொட்டல், மூடி, மோப்பம், எல்லாம் செய்தார். மகள் அழைக்கும் முன்பே கணவருக்காகக் குடித்துப் பார்த்தார். முதல் வாரம் "நல்லா இருக்குங்க" என்றாராம். அண்ணனுக்குக் கோபம். "நல்லா இருக்குன்னா அவ ஒரு நொடியில கண்டுபுடிச்சிருவா. நெதானமா குடி. என்னமா இருக்குன்னு சொல்லு" என்றாராம். குடித்தார். இன்னொரு தண்ணீர் ஊற்றிக் குடித்தார், அதற்கடுத்த தண்ணீரும் ஊற்றிக் குடித்தார், குமட்டக் குமட்டக் குடித்தார். பிறகு சொன்னார்: "வெண்ணெ காச்சி எறக்குன சட்டியில ஒட்டிக்கிட்டு இருக்குமே, அந்த வாசங்க." "பட்டுப்பொடவைக்கு நடுவுல தாழம்பூ வச்சா மறுவருசம் எடுக்கையில வருமே, அதுங்க." அவர் சொன்னதை அண்ணன் அப்படியே கைப்பேசியில் மகளிடம் சொன்னார். குரல் கரகரத்தால் பனி என்றார். மெலிந்த முகம் தெரிந்துவிடுமே என்று படத்தை அணைத்துவிட்டு நெட்டு சரியில்லை என்றார். அதிகம் பேசினால் இருமல் வருமே என்று சீக்கிரம் வைத்தார்.

அருமைப் பெரியோர்களே! இதை ஓர் அன்புக் கதை என்று கைதட்டிவிட்டுப் போகலாம். யாராவது தட்டப் போகிறீர்களா? தட்டாதீர்கள்! இந்தக் கதைக்கு மறுபக்கம் இருக்கிறது. அந்த மறுபக்கத்தை இவள் நேற்றுக் கிணற்றடியில் என் தோளில் சாய்ந்து சொன்னாள்.

இவள் வேலை என்ன? ருசியைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடிக்க மாட்டாளா? வயல் பேசிய வாய் திடீரென்று அடுப்படி பேசினால் தெரியாதா? கதிரும் மடையும் வைக்கோலும் சொன்ன அப்பா, வெண்ணெய்ச் சட்டியும் புடவைப் பெட்டியும் சொன்னால் தெரியாதா? அது அம்மாவின் நாக்கு என்று இவளுக்குப் போன ஆடியிலேயே தெரிந்துவிட்டது! அப்பா குடிக்கவே இல்லை, அம்மாவிடம் தள்ளிவிட்டார் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. இவளாக ஒரு காரணம் நினைத்துக்கொண்டாள். "அத்தை, அப்பாவுக்கு அலுத்துப்போச்சுன்னு நெனைச்சேன். மொகத்தைக் காட்ட மாட்டேங்கறாரு, ரெண்டு வார்த்தைல வச்சிடறாரு, டீயைக்கூட அம்மாகிட்ட குடுத்துட்டாரு. நான் வேண்டாதவளாயிட்டேன்னு நெனைச்சேன்."

கேட்டீர்களா? ஒரு வீடு முழுக்க அன்பை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையை அனாதை ஆக்கினோமே, கேட்டீர்களா? இவளும் பிடிவாதக்காரி. நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிறு அழைப்பைக் குறைத்தாள். பொங்கலுக்கு வருவதாக எடுத்திருந்த விமானச் சீட்டை வேலை இருக்கிறது என்று ரத்து செய்தாள். வேலை ஒன்றும் இல்லையாம். "என் டீயே வேண்டாதவருக்கு நான் எதுக்கு?" என்று இருந்துவிட்டாளாம். பொங்கலன்று என் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவள் வரமாட்டாள் என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாசியில் முடிந்துவிட்டது. "அப்பாவுக்கு ஒடம்பு முடியல, கெளம்பி வா" என்று யாரோ போன் செய்தார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். விமானத்தில் இருந்த இவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. வந்து இறங்கினாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கன்னம் இல்லாத, கழுத்து கருத்த ஒரு மனிதரைப் பார்த்தாள். இது யார் என்று கேட்டாள். சத்தியமாகக் கேட்டாள். உண்மை தெரிந்த அந்த நிமிடத்தில் தாயைத் திரும்பிப் பார்த்தாள் ஒரு பார்வை. அன்று மூடிய வாய்தான்.

எனவேதான் கேட்கிறேன், என் இனிய மக்களே! எதற்காக மறைக்கிறோம்? பிள்ளை பிரான்சில் இருந்தால் மறைக்கிறோம். துபாயில் இருந்தால் மறைக்கிறோம். சிங்கப்பூரில் இருந்தால் மறைக்கிறோம். ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகு சொல்கிறோம். படிப்பு கெடும் என்கிறோம், வேலை கெடும் என்கிறோம், பாவம் தனியாகத் தவிக்கும் என்கிறோம். படிப்பு போனால் அடுத்த ஆண்டு எழுதலாம். வேலை போனால் வேறு வேலை தேடலாம். அப்பன் போனால் எங்கே விண்ணப்பம் போடுவது? சொல்லிவிடுங்கள்! இன்றிரவே சொல்லிவிடுங்கள்! சர்க்கரை ஏறினால் சொல்லுங்கள், நெஞ்சு வலித்தால் சொல்லுங்கள், கட்டி என்றால் கட்டி என்றே சொல்லுங்கள்! நம் வலியில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் கொடுக்காமல் நாமே விழுங்கிவிட நமக்கு உரிமை இல்லை! சொத்தைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த நமக்குத் துக்கத்தைப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லையே!

இப்போது தட்டுகிறீர்கள். சரி. தட்டிவிட்டுப் போய் போனை எடுங்கள்.

முத்தமிழ்! இனி உன்னிடம் பேசுகிறேன். நிமிர்ந்து என்னைப் பார். நீ கோபப்படு. உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது, நான் தடுக்கவில்லை. ஆனால் நீ வருவதற்கு முன் அந்தக் கூடத்தில் நடந்தது ஒன்று உனக்குத் தெரியாது. உன் அம்மா சொல்ல மாட்டார். நான் அங்கே இருந்தேன். நான் சொல்கிறேன்.

மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பாலை ஊற்றுங்கள் என்றார்கள் பெரியவர்கள். நம் வழக்கம்தானே? உயிர் பிரியும்போது உற்றவர்கள் ஒவ்வொருவராக வாயில் ஒரு சொட்டுப் பால் விட வேண்டும். உன் பெரியப்பா விட்டார். பங்காளிகள் விட்டார்கள். நான் விட்டேன். பால் உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. "பெத்த புள்ளை இல்லையே" என்று யாரோ அழுதார்கள். அப்போது உன் அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனார். அழப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் அடுப்பா என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டோம். உள்ளே அவர் அவசரப்படவே இல்லை, முத்தமிழ். முதல் தண்ணீரை வடித்துக் கொட்டினார். இரண்டாவது தண்ணீரை ஊற்றி, மூடி, நின்றார். ஆற்றினார். அந்த வெள்ளைக் கிண்ணத்தோடு வந்து உன் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"என்னம்மா இது, சாவப்போறவன் வாயில டீத்தண்ணியா?" என்று அதட்டினார்கள். என் அண்ணி யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று தலையை நிமிர்த்திச் சொன்னார்: "இது நான் ஊத்தலீங்க. எம் பொண்ணு ஊத்துறா." சொல்லிவிட்டு அந்த மனிதரின் காதருகே குனிந்தார். "ஏங்க, பாப்பா வந்திருக்கா. வாயத் தொறங்க" என்றார். பாலை வழியவிட்ட வாய் திறந்தது. ஒரு மிடறு உள்ளே போனது. நான் பார்த்தேன். தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். அதுதான் கடைசி.

உன் கையால் ஊற்றவில்லை என்று அழுகிறாயே, உன் பெயரால் ஊற்றப்பட்டதடி! உன் அப்பா கடைசியாக விழுங்கியது நீ அனுப்பியது. அதை உனக்காக ஊற்றிய கை, அதோ அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை.

என்னம்மா? எழுந்துவிட்டாயா? கொஞ்சம் அமைதி. தயவுசெய்து எல்லோரும் அமைதி. அவள் நின்ற இடத்திலிருந்தே தூணைப் பார்த்துத் தன் அம்மாவிடம் ஏதோ கேட்கிறாள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையா? "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அண்ணி, பதில் சொல்லுங்கள். ஊரைப் பார்க்காதீர்கள். உங்கள் மகளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஐயா, அவர் சொல்வது உங்களுக்கு எட்டியிருக்காது. நான் சொல்கிறேன். "நான் சொல்லிருவோம்னுதான் சொன்னேன். ஒங்கப்பாதான் வேணாம்னாரு. சொன்னா அழுவா, அழுதா மூக்கு அடைச்சிக்கும், மூக்கு அடைச்சா ருசி தெரியாது, அவ பொழப்பே ருசிதானேன்னாரு. எம் பொண்ணு மூக்கை நான் கெடுக்க மாட்டேன்னாரு." இப்படிச் சொன்னாராம் என் அண்ணன். புற்று வைத்த தொண்டையை வைத்துக்கொண்டு, மகளின் மூக்கை நினைத்தாராம்.

நான் படிப்பு என்றேன், வேலை என்றேன், ஊரை உலுக்கிக் கேள்வி கேட்டேன். மூக்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது தப்புத்தான் அண்ணே. பெரிய தப்பு. ஆனாலும் இப்படியொரு தப்பைச் செய்ய உங்களால்தான் முடியும்.

தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள், அவள் தூணுக்குப் போகட்டும். யாரும் சமாதானம் சொல்லப் போகாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், முதுகைத் தட்டாதீர்கள். தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழட்டும். நன்றாக மூக்கடைக்கிற மட்டும் அழட்டும். தேநீரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர் ஐயா அவர்களே, கொடுத்த நேரத்தைத் தாண்டியும் என்னைத் தடுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. வெயிலையும் வேலையையும் விட்டு வந்து என் அண்ணனுக்காக அமர்ந்த அத்தனை பேருக்கும் இந்தக் குடும்பத்தின் நன்றி. எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வணக்கம்.